விளக்கு எரியுது... கெத்தை இறங்கலாமா?

வீட்டு வாசலிலேயே காரைச் சோதித்துப் பார்க்க ஸ்கேனர் வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். நானூறு ரூபாயில் தொடங்கி லட்சத்தைத் தாண்டிப் போகிறது விலை. மலையில் வண்டி வைத்திருப்பவருக்கு எது போதும், எது வீண்?

மலையூரான மஞ்சூரிலிருந்து இறங்க முக்கியமான வழிகள் இரண்டு. ஊட்டிப் பக்கம் போனால் குந்தா பாலம் தாண்டி, முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஏறியும் இறங்கியும் போகும் சாலை. காரமடைப் பக்கம் போனால் கெத்தை வழியாக 43 கொண்டை ஊசி வளைவுகள். நடுவில் யானைக் கூட்டம் நின்றால் அரசு பஸ்ஸே இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருக்கும் பாதை அது. கம்பெனி சர்வீஸ் சென்டர் வேண்டுமென்றால் இப்படி எதிலாவது ஒன்றில் வண்டியை ஓட்டிப் போயாக வேண்டும்.

சமவெளியில் டாஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்தால், 'சனிக்கிழமை காட்டிக்கலாம்' என்று விட்டுவிடலாம். மஞ்சூர்க்காரருக்கு அது முடியாது. இந்த வண்டியை இப்போது இறக்கலாமா, இறக்கினால் எந்தப் பக்கம், கூடாதென்றால் மெக்கானிக்கை மேலே வரச் சொல்லலாமா என்று அப்போதே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஸ்கேனர் வாங்கும்போது பெட்டியில் அச்சடித்திருக்கும் வசதிப் பட்டியலைவிட, இந்தக் கேள்விக்கு அந்தக் கருவி பதில் சொல்லுமா என்று பார்ப்பதே சரியான அளவுகோல். அப்படிப் பார்த்தால் பலருக்கு மலிவான கருவி போதும். சிலருக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. ஒரு சாராருக்கு மட்டும் விலை கூடியது இல்லாமல் தீராது.

புகையைப் பிடிக்க வந்த பிளக்

ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் படும் இடத்துக்கு அருகில், 16 துளையுள்ள ஒரு சாக்கெட் இருக்கும். ஓபிடி போர்ட் என்பது அதுதான். இது மெக்கானிக்கின் வசதிக்காக வந்ததல்ல. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் புகைமூட்டத்தோடு மல்லுக்கட்டிய கலிஃபோர்னியாவின் காற்றுவள வாரியம், வாகனம் தன் புகைக் கட்டுப்பாட்டைத் தானே கண்காணித்துக்கொள்ள வேண்டும் என்று 1988 மாடல் கார்களிலிருந்து விதித்தது. ஆளுக்கொரு பிளக், ஆளுக்கொரு பழுதுக் கோட் என்று இருந்ததை ஒழுங்குபடுத்தி, 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களிலும் ஒரே வடிவ சாக்கெட், ஒரே கோட் முறை கட்டாயமானது. ஐரோப்பா 2001இல் பெட்ரோல் கார்களுக்கு அதைக் கொண்டுவந்தது.

இந்தியாவில் 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு பிஎஸ்-4 புகை விதி வந்தபோது, ஓபிடி என்ற இந்தச் சுயகண்காணிப்பின் முதல் கட்டமும் வந்தது. 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டம். நாடு முழுக்க பிஎஸ்-4 கட்டாயமானது 2017 ஏப்ரல் 1. பிஎஸ்-6 வந்தது 2020 ஏப்ரல் 1.

இந்த வரலாற்றில் வாங்குபவருக்கு ஒரு சேதி இருக்கிறது. சட்டம் பொதுவாக்கச் சொன்னது புகை சம்பந்தப்பட்டதை மட்டும்தான். அதனால் எந்த ஸ்கேனரும் எந்தக் காரிலும் படிக்கக்கூடியது இன்ஜின், எரிபொருள், எக்ஸாஸ்ட் தொடர்பான 'பி' வரிசைக் கோட்கள். ஏபிஎஸ், ஏர்பேக், பவர் ஸ்டியரிங், கதவுப் பூட்டு எல்லாம் அந்தந்தக் கம்பெனியின் சொந்த விவகாரம். 'எல்லாக் கார்களுக்கும் ஏற்றது' என்று மலிவான கருவியின் பெட்டியில் போட்டிருப்பது பொய்யில்லை, பாதி உண்மை. கொண்டை ஊசியில் இறங்குகிறவருக்கு முக்கியமான பிரேக் சமாச்சாரம் மற்றப் பாதியில்தான் இருக்கிறது.

முதலில் வண்டியைப் பாருங்கள்

குந்தா பகுதியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மஹிந்திரா ஜீப்புகளில் பல ஸ்கேனருக்கு அப்பாற்பட்டவை. மெக்கானிக்கல் டீசல் பம்ப், கம்ப்யூட்டர் கிடையாது, சாக்கெட்டும் கிடையாது. கார்புரேட்டர் மாருதி 800க்கும் அதே கதை. அவற்றை வைத்திருப்பவர்கள் ஸ்கேனர் காசில் நல்ல மல்டிமீட்டர் ஒன்றும் ஸ்பானர் செட்டும் வாங்கிக்கொள்வது உத்தமம்.

அடுத்தது இரண்டுங்கெட்டான் காலத்து வண்டிகள். 2000க்குப் பிறகு 2013க்கு முன் வந்த பல இந்தியக் கார்களில் 16 துளை சாக்கெட் கச்சிதமாக இருக்கும். உள்ளே பேசுவது கம்பெனியின் தனி மொழி. போனோடு இணைக்கும் மலிவு ஸ்கேனரான டாங்கிளைச் செருகினால் அதில் விளக்கு எரியும், ப்ளூடூத் சேரும், ஆப்பில் 'வண்டியோடு தொடர்பு இல்லை' என்று வரும். சாக்கெட்டின் 16ஆம் துளை நேரே பேட்டரியிலிருந்து வருவதால் டாங்கிளுக்கு மின்சாரம் எப்போதும் கிடைக்கும். விளக்கு எரிவதை வைத்து வேலை செய்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. டிஎன் 43 பதிவெண்ணில் இந்த வயதுக் கார் வைத்திருப்பவர்கள், காசு கொடுக்கும் முன் அதே மாடல் வைத்திருக்கும் ஒருவரிடம் கருவியைக் கடன் வாங்கி ஒருமுறை செருகிப் பார்ப்பது நல்லது.

2013க்குப் பிந்தைய பெட்ரோல் கார்கள்தான் இந்தக் கருவிகளுக்கு ஏற்ற சந்தை. பெரும்பாலும் கேன் என்ற பொதுத் தகவல் முறையில் பேசுபவை. எளிய கருவியே போதும்.

ஃபோர்டுக்காரர்கள் தனி ஜாதி. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்த பிறகு, அதன் ஃபிகோ, ஈகோஸ்போர்ட் வண்டிகளை வைத்திருப்பவர்கள் தங்கள் கையை நம்பத் தொடங்கினார்கள். அவர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம்: ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருள் கிட்டத்தட்ட சர்வீஸ் சென்டர் கருவி அளவுக்கு அந்தக் கார்களுக்குள் போகும். ஏபிஎஸ்ஸையும் படிக்கும். கார் முழுவதையும் பார்க்க வேண்டுமானால், இரண்டு கேன் தடங்களுக்கும் மாறக்கூடிய அடாப்டராகக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரண டாங்கிள் ஒரு தடத்தை மட்டுமே பார்க்கும்.

நானூறு ரூபாய் டாங்கிளின் பூர்வீகம்

சந்தையில் கிடைக்கும் சின்ன ப்ளூடூத் டாங்கிள்கள் பெரும்பாலானவற்றில் 'ஈஎல்எம் 327' என்று எழுதியிருக்கும். அது கனடாவின் ஈஎல்எம் எலக்ட்ரானிக்ஸ் என்ற சிறு நிறுவனம் செய்த சிப்பின் பெயர். காரின் பல மொழிகளையும் கம்ப்யூட்டருக்குப் புரியும் எளிய எழுத்துகளாக மாற்றுவது அதன் வேலை. முதல் பதிப்பிலேயே உள்ளிருக்கும் நிரலைப் பாதுகாக்காமல் விட்டார்கள். நகல் எடுத்தவர்கள் உலகம் முழுக்க விற்றார்கள். அசல் நிறுவனம் 2022இல் கடையை மூடிவிட்டது. நகல்கள் இன்றும் ஓடுகின்றன.

நகலில் இரண்டு ரகம் உண்டு. சில, கட்டளை முழுவதையும் ஏற்று ஒழுங்காக வேலை செய்பவை. சில, பாதிக் கட்டளைகளை வெட்டிவிட்டு 'பதிப்பு 2.1' என்று மட்டும் பொய் சொல்பவை. அசல் நிறுவனம் 1.5 என்று ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை; கடைகளில் அது தாராளமாகக் கிடைக்கும்! டாங்கிள் எத்தனை கட்டளைகளுக்குப் பதில் தருகிறது என்று சோதிக்கும் இலவச ஆப்கள் இருக்கின்றன. திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் அதைச் செய்து பார்த்துவிடுங்கள். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து வீகேட், ஓபிடிலிங்க் போன்ற பெயருள்ள அடாப்டர் வாங்கினால் இந்தத் தலைவலி குறையும். ஐபோன் வைத்திருப்பவர்கள் வைஃபை அல்லது புதுவகை ப்ளூடூத் உள்ளதாகக் கேட்க வேண்டும். பழைய ப்ளூடூத் டாங்கிள் ஐபோனோடு பேசாது.

ஆப்பைத் தேர்ந்தெடுக்கும்போது மலைக்காரர் கவனிக்க வேண்டியது இன்னொன்று. சில விலையுயர்ந்த கருவிகள் லாகின் செய்து, இணையத்தோடு தொடர்பு கொண்டால்தான் திறக்கும். கெத்தை வளைவில் போனில் ஒரு கோடு சிக்னலும் காட்டாத இடத்தில் அது வெறும் பிளாஸ்டிக். டார்க், கார் ஸ்கேனர் போன்ற ஆப்கள் இணையம் இல்லாமலே வேலை செய்யும்.

வேலை முடிந்ததும் டாங்கிளைக் கழற்றிவிடுங்கள். வண்டி ஒரு வாரம் ஷெட்டில் சும்மா நின்றாலும் அது பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டிசம்பர், ஜனவரிக் குளிரில் ஏற்கெனவே சோர்ந்திருக்கும் பேட்டரிக்கு அவ்வளவு போதும்.

மஞ்சூரில் 100 வராது

கோட் படிப்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது லைவ் டேட்டா. சென்சார்கள் அந்த நொடியில் சொல்லும் எண்கள். இங்கேதான் சமவெளிக்காக எழுதப்பட்ட வீடியோ பாடங்கள் மலைக்காரரைத் தடுமாற வைக்கின்றன.

சாவியைப் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், இன்ஜின் இழுக்கும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் எண்ணைப் பாருங்கள். உள்ளே இழுப்பு எதுவும் இல்லாததால் அது வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்டும். பாடம் சொல்பவர், '100 கிலோபாஸ்கலை ஒட்டி வர வேண்டும், குறைந்தால் சென்சார் போச்சு' என்பார். சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் வர வேண்டியது 80ஐ ஒட்டிய எண். அதே கார் காரமடையில் 97 பக்கம் காட்டும். மஞ்சூரில் யாருடைய வண்டியாவது 100 காட்டினால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைவதால் டர்போ இல்லாத இன்ஜினின் பலமும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். கோவையிலிருந்து வந்து 'வண்டி இழுக்கவே மாட்டேங்குது' என்று ஸ்கேனரும் கையுமாக நிற்கும் சுற்றுலாப் பயணியின் காரில், பல நேரம் பழுதே இருக்காது.

கூலன்ட் சூடும் அப்படித்தான். இந்த உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி சரியாக இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, கொதிநிலை 115ஐத் தொடும். கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே. ஆகவே திரையில் 96, 98 என்று வந்தால் பதற வேண்டியதில்லை. பல கார்களில் ஃபேன் ஓடத் தொடங்குவதே அந்தச் சூட்டில்தான். மூடியின் ரப்பர் போய், உள்ளே வெறும் தண்ணீரும் இருந்தால், சமவெளியில் சமாளித்த அதே 95 டிகிரி கெத்தை ஏற்றத்தில் பொங்கி வழியும். ஸ்கேனர் இரண்டு வண்டிக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். இருநூறு, முந்நூறு ரூபாய் மூடியை மாற்றச் சொல்லி எந்தக் கோடும் வராது.

நேர் எதிரான கோளாறு ஒன்று இங்கே அதிகம் எதிர்பார்க்க வேண்டியது: பி 0128. இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வரவில்லை என்று பொருள். சூடு ஏறாமல் இருக்கட்டும் என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போடும் பழக்கம் நம் பட்டறைகளில் நெடுநாளாக உண்டு. கோடை வெயிலில் அதன் பாதகம் தெரியாது. பனி விழும் காலையில் இன்ஜின் அறுபது எழுபது டிகிரியிலேயே ஓடும். கம்ப்யூட்டர் 'இன்னும் குளிர்தான்' என்று பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். மைலேஜ் போகிறது என்று பிளக், ஃபில்டர், இன்ஜெக்டர் என்று மாற்றிக்கொண்டிருப்பவர்கள் இந்த ஒரு எண்ணைப் பார்த்தால் போதும்.

இன்னொன்று ஃபியூயல் ட்ரிம். கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் எரிபொருளைக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்பதைக் காட்டும். பத்துக்குள் இருந்தால் பொதுவாகப் பிரச்சினையில்லை. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபிறகு பழைய கார்களில் இது நாலைந்து சதவீதம் கூடியே தெரியலாம். எத்தனாலுக்குக் காற்று குறைவாகவும் எரிபொருள் அதிகமாகவும் வேண்டும். அதை ஓட்டை என்று நினைத்து ஹோஸ் பைப்பை எல்லாம் மாற்ற வேண்டாம்.

லைவ் டேட்டா ஒரு பழைய நம்பிக்கையையும் உடைக்கும். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் எரிபொருள் மிச்சம் என்பார்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவர் கையில் போனைக் கொடுத்து, எரிபொருள் ஓட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாம் கியரில், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது, சக்கரமே இன்ஜினைச் சுற்றுவதால் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை மூடிவிடும். எரிபொருள் பூஜ்யம். நியூட்ரலுக்கு மாற்றினால் இன்ஜின் அணையாமல் இருக்க மறுபடி எரிபொருள் போகத் தொடங்கும். மிச்சமும் இல்லை, இன்ஜின் பிரேக்கிங்கும் இல்லை.

எந்தக் கோடோடு இறங்கலாம்?

எண்ணெய் அழுத்தம், சூடு, பிரேக் இவற்றின் சிவப்பு விளக்குகளுக்கு ஸ்கேனர் தேவையில்லை. அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். மஞ்சள் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னினால், சிலிண்டரில் எரியாமல் போன பெட்ரோல் எக்ஸாஸ்ட்டுக்குள் போய் கேட்டலிஸ்ட்டை உருக்குகிறது என்று பொருள். அதற்கும் நிறுத்துவதே சரி. நிலையாக எரியும் மஞ்சளுக்குத்தான் டாங்கிளை எடுக்க வேண்டும்.

பி 0420, கேட்டலிஸ்ட் திறன் குறைவு: ஊருக்குப் போய் வரலாம், அடுத்த மாதம்கூடப் பார்க்கலாம். பி 0299, டர்போ அழுத்தம் போதவில்லை: இறங்கும்போது ஒன்றும் தெரியாது, ஏறும்போதுதான் வண்டி திணறும். காரமடைக்கு இறங்கி அங்கேயே சரிசெய்துகொண்டு ஏறுவது புத்திசாலித்தனம். பி 0335, கிராங்க் சென்சார்: இறக்கவே கூடாது. எந்த வளைவிலும் இன்ஜின் அணையலாம். அணைந்தால் ஸ்டியரிங் இறுகும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் இழுப்பு ஓரிரு மிதிக்குத்தான் வரும். டீசலில் பி 0087, ரெயில் அழுத்தக் குறைவுக்கும் அதே எச்சரிக்கை. 'யு' வரிசைக் கோட்கள் கும்பலாக வந்தால் பயந்துவிட வேண்டாம். முதலில் பேட்டரியைப் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட், ஓடும்போது 14ஐ ஒட்டி இருக்க வேண்டும். குளிர் காலையில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது மின்னழுத்தம் தரைதட்டினால் பாதி மாட்யூல்கள் தூங்கிப் போய், ஒன்றையொன்று 'காணவில்லை' என்று புகார் எழுதிவைத்துவிடும்.

பேட்டரி சரியாக இருந்தும் கோட்கள் திரும்பி வந்தால் பானெட்டைத் திறந்து வயர்களைப் பாருங்கள். தேயிலைக் காட்டு ஓரத்தில் நிற்கும் வண்டியில் எலிக்கு இன்ஜின் மேல்தளம்தான் குளிர்கால வீடு.

ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். மழையில் சக்கரம் பூட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பிரேக் பேட் தேய்ந்திருப்பதையும், பிரேக் ஆயில் பழசாகி நீர் ஏறியிருப்பதையும் சொல்லும் கோட் பெரும்பாலான கார்களில் கிடையவே கிடையாது. 43 வளைவு இறங்குகிறவருக்கு மிக வேண்டிய தகவலை எந்த ஸ்கேனரும் தராது. சக்கரத்தைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

இரண்டிலிருந்து மூன்றுக்கு

கோட் என்பது மாற்ற வேண்டிய பாகத்தின் பெயரல்ல. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் வாங்கும் ஸ்கேனர் செலவைக் குறைக்காது, கூட்டும். பி 0171 என்றால் கலவையில் காற்று அதிகம். உடனே ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுகிறவர்கள் ஏராளம். அந்தச் சென்சார் நடந்ததைச் சொன்ன சாட்சி மட்டும்தான். பெரும்பாலும் குற்றவாளி, விரிசல் விட்ட ரப்பர் குழாயோ அழுக்கேறிய காற்றளவு சென்சாரோ ஆக இருக்கும்.

வீட்டில் செய்யக்கூடிய நல்ல சோதனை எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். மூடுபனி காலை, ஈரம். மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார் ஐட்லிங்கில் உதறுகிறது. டாங்கிளைச் செருகினால் பி 0302: இரண்டாம் சிலிண்டர் எரியவில்லை. பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா? கோட் சொல்லாது. முதலில் கோடையும், கூடவே சேமிக்கப்பட்டிருக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். கோளாறு வந்த நொடியில் சூடு, வேகம், சுமை என்ன என்பது அதில் இருக்கும். இன்ஜினை அணைத்து, இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதிலும், மூன்றாவதை இரண்டாவதிலும் மாட்டுங்கள். ஒரு போல்ட், ஒரு கனெக்டர். பத்து எம்எம் ஸ்பானர் வேலை. கோடை அழித்துவிட்டு வண்டியை ஓட விடுங்கள். இப்போது பி 0303 வந்தால் கோளாறு காயிலோடு இடம்பெயர்ந்திருக்கிறது. புதுக் காயில் ஒன்று வாங்கினால் தீர்ந்தது. பி 0302 ஆகவே நின்றால் காயில் நிரபராதி. பிளக்கை அதேபோல் மாற்றிப் பாருங்கள். இதற்கு ஆன கருவிச் செலவு ஆயிரத்துக்குள். மூன்று காயிலையும் மூன்று பிளக்கையும் 'எதற்கும் மாற்றிவிடுவோம்' என்று மாற்றினால் ஆகும் செலவை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கோடை அழிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. காரணம் தெரியாமல் அழித்தால் ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போய்விடும். வண்டி தனக்குத் தானே நடத்தி முடித்த சோதனைகளின் பதிவும் வெற்றாகிவிடும். பின்னால் மெக்கானிக்கிடம் போனால் அவர் கையில் ஒன்றுமே இருக்காது. பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு இது தலைகீழாக உதவும்: விற்பவர் வண்டியில் செருகிப் பார்த்து, உள்சோதனைகள் எல்லாம் 'முடியவில்லை' என்று வந்தால், அண்மையில் யாரோ கோடை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்கலாம். என்னைக் கேட்டால் டாங்கிளுக்குப் போட்ட முதலை ஒரே நாளில் எடுத்துத் தருவது இந்தச் சோதனைதான்.

டீசல்காரருக்கு விதி வேறு

பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்கு நாலைந்து கிலோமீட்டர். முதல், இரண்டாம் கியர். நின்று நின்று ஓட்டம். பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. அதில் சேர்ந்த கரியை 600 டிகிரி சூட்டில் வண்டி தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அதற்குப் பதினைந்து இருபது நிமிடம் சீரான வேகத்தில் நெடுஞ்சாலை ஓட்டம் தேவை. குந்தா தாலுகாவில் அப்படியொரு சாலை எங்கே இருக்கிறது?

சுத்தம் பாதியில் நிற்கும், மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். அதற்காகக் கூடுதலாகப் பீச்சிய டீசல் இன்ஜின் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் ஏறும். கடைசியில் விளக்கு எரிந்து, வண்டி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பி 2463 போன்ற கோட் வரும். டாங்கிள் அதைப் படித்துச் சொல்லும். ஒன்றும் செய்ய முடியாது. நின்ற இடத்திலேயே டிபிஎஃப்பை எரிக்கச் சொல்லி வண்டிக்கு உத்தரவிடும் இருவழிக் கருவி வேண்டும். லான்ச், ஆட்டெல் போன்ற நிறுவனங்களின் டேப்லெட் வகை ஸ்கேனர்கள் இதைச் செய்யும். இன்ஜெக்டர் மாற்றினால் அதன் எண்ணைப் பதிய, ஏபிஎஸ் பிரேக்கில் காற்றெடுக்க, ஸ்டியரிங் சென்சாரை நேர்செய்ய இதே கருவிதான். விலை பல்லாயிரம். வாங்கும் முன் பெட்டியில் உங்கள் வண்டிக் கம்பெனியின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது போதாது; உங்கள் மாடல், உங்கள் வருடம், உங்களுக்கு வேண்டிய அந்த ஒரு வேலை மூன்றும் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டுக் கருவிகளில் ஐரோப்பிய கார்களுக்கு இருக்கும் ஆழம் மஹிந்திரா, டாடா வண்டிகளுக்கு இருக்கும் என்று நம்பிவிட முடியாது. வருடா வருடம் அப்டேட்டுக்குக் கட்டணம் எவ்வளவு என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நின்ற இடத்தில் டிபிஎஃப் எரிக்கும்போது வண்டியை மூடிய ஷெட்டிலோ காய்ந்த புல்லின் மேலோ நிறுத்த வேண்டாம். சைலன்சர் பக்கம் தீப்பிடிக்கும் சூடு இருக்கும்.

பூட்டு யார் கையில்?

கருவி இவ்வளவு விலை, இவ்வளவு அரைகுறை என்பதற்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணமில்லை. 2014 ஆகஸ்ட் 25இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும், பழுது கண்டறியும் கருவிகளையும், அதற்கான கையேடுகளையும் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்து, வாடிக்கையாளரைத் தங்கள் சர்வீஸ் சென்டரிலேயே கட்டிப்போட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. சம்ஷேர் கட்டாரியா என்பவர் கொடுத்த புகாரில் தொடங்கிய வழக்கு அது. உத்தரவை நிறுவனங்கள் மேல்முறையீட்டில் எதிர்த்தன. 2022இல் மத்திய நுகர்வோர் துறை பழுது நீக்கும் உரிமைக்காகக் குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு இணைய முகப்பையும் தொடங்கியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012லேயே கார்களுக்கென்று இதற்குச் சட்டம் போட்டுவிட்டது.

சர்வீஸ் சென்டர் தெருமுனையில் இருப்பவருக்கு இது நியாய அநியாயம் பற்றிய விவாதம். மலை முகட்டில் இருப்பவருக்கு டீசல் செலவும் ஒரு நாள் கூலியும்.

அதனால்தான் டேப்லெட் ஸ்கேனரைத் தனியாள் வாங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆண்டுக்கு இரண்டு முறை தேவைப்படும் கருவிக்கு அத்தனை பணம் முடக்குவது வீண். ஜீப் ஸ்டாண்டுக்காரர்களோ பிக்கப் உரிமையாளர்களோ பத்துப் பேர் சேர்ந்தால் தலைக்குச் சில ஆயிரம்தான் வரும். அதை ஊர் மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து வைத்து, ஒவ்வொரு முறைக்கும் ஒரு கட்டணம் பேசிக்கொள்ளலாம். அவர் கையில் இருந்தால் கருவியில் அவருக்கும் பயிற்சி சேரும். நமக்கும் எப்போது தேவையோ அப்போது மஞ்சூரிலேயே கிடைக்கும். தனியாளுக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் ஒரு நல்ல டாங்கிளும், ஐந்நூறு ரூபாய் மல்டிமீட்டரும், பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றும் போதும். அந்தப் போனில் வண்டி நன்றாக இருக்கும் ஒரு நாளில் எல்லா எண்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: மேப், கூலன்ட், ஃபியூயல் ட்ரிம், பேட்டரி வோல்ட். ஒரு தொகுப்பு மஞ்சூரில், ஒரு தொகுப்பு காரமடையில்.